வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இயன்முறை மருத்துவரை ஏன் நிறுத்தினீர்கள்?

மாவட்டத்தின் பொதுச் சுகாதாரத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் நலனுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகள் அவர்களுக்கு,

கடந்த மார்ச் மாதம் வரை, மாதம் இருமுறை எங்கள் கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து, பக்கவாதத்தில் படுத்திருப்பவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்துவந்த இயன்முறை மருத்துவரின் வருகை நிறுத்தப்பட்டுவிட்டது. இனிப் பயிற்சி வேண்டுமென்றால் நோயாளியைச் செவ்வாய்க்கிழமைதோறும் நகரத்திலுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் எதுவும் தரப்படவில்லை. காரணம் கேட்டதற்கு, ஒரு கிராமத்தில் இருக்கும் ஐந்தாறு பேருக்காக ஓர் ஆளை அனுப்புவது கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. அந்த ஐந்தாறு பேரில் ஒருவர் என் தாய். இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என்னைப் போலவே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பலருக்கும் மடல் எழுத நேரமில்லாததால், அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர், தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடலை நோக்கி இறங்கும் கிராமங்களில் ஒன்று. அம்மாவுக்குக் கரையில் நண்டு வலை கழற்றும் வேலை. 2022 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, ஐந்து மணி இருக்கும், வள்ளத்திலிருந்து இறக்கிய வலையை மணலில் விரித்துப் போட்டு, நாலைந்து பெண்களோடு அம்மாவும் உட்கார்ந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த என் அத்தை திரும்பிப் பார்த்தபோது, ஒரு நண்டு அம்மாவின் வலது கைச் சுண்டுவிரலைக் கவ்விப் பிடித்திருந்தது, ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, அம்மாவோ அதை உணராமல் இடது கையால் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். “மதினி, விரலைப் பாருங்க” என்று அத்தை கத்தியதும் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

மயக்கம் என்று நினைத்து முதலில் சோடா வாங்கிக் கொடுத்தோம். பிறகு, வாதம் அடித்துவிட்டது, புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து புறா வந்தது. நானே என் கையால் அந்த ரத்தத்தை அம்மாவின் கையிலும் காலிலும் தேய்த்தேன். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து முடித்தபோது நண்பகல் ஆகிவிட்டது. இளம் மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?” என்பதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தால், நான்கரை மணி நேரத்துக்குள் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால், அதைக் கரைக்கும் ஊசியைப் போட முடியும் என்றும், காலம் கடந்தபின் அந்த ஊசியால் விளையும் நன்மையைவிட ஆபத்தே அதிகம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நான் பட்டம் படித்தவள். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். எனக்கே இது தெரிந்திருக்கவில்லை. அந்தக் காலைப் பொழுதுக்கு நானும் பொறுப்பு, அதைப் பற்றி யாரிடமும் முறையிட எனக்கு ஒன்றுமில்லை. என் முறையீடு அதற்குப் பின் வந்த காலத்தைப் பற்றியது.

பதினோராம் நாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஐந்து மாத்திரைகளின் பெயரும், ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரியும் இருந்தன. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அடுத்த கட்டிலில் தம் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த பரமக்குடிப் பெண்: தலைமாட்டை உயர்த்தி வை, ஊற்றி முடித்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதே, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவு. அவரும் அதற்கு முந்தைய வாரம் வேறொரு நோயாளியின் மகளிடம் கற்றுக்கொண்டவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, உரிந்து, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் குழியான பிறகு, கட்டுப் போட வந்த செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு என் கைபேசியில் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்தேன். புண் ஆற நான்கு மாதமானது. அலாரத்தை இன்னும் எடுக்கவில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டபோது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வரும் என்பதோடு, இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும் என்று அரசு அறிவித்தது. அந்த வாக்கை நம்பி நான் கேட்டேன், கேட்டதும் வந்தார்கள். இதை நன்றியோடு சொல்கிறேன். எங்கள் ஊரில் ‘பிசியோ அம்மா’ என்றே அவரை அழைத்தோம். அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை நீங்கள் அறிய வேண்டும், ஏனென்றால் நீங்கள் நிறுத்தியது எதை என்பது அதில்தான் இருக்கிறது.

அவர் வந்தபோது நான் வழக்கம்போல் அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க” என்றார். என் ஆட்காட்டி விரலைப் பிடித்து அம்மாவின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வைத்து அழுத்தினார். அங்கே ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் இருந்தது. மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்து கிடக்கும்போது கையை இழுக்க இழுக்க எலும்பு நழுவி இறங்கும் என்றும், அம்மா இரவில் முனகுவது அந்த வலியால்தான் என்றும் சொன்னார். ஏழு வாரமாக, நாளுக்கு எட்டு முறையோ பத்து முறையோ, அன்போடுதான் நான் அம்மாவின் தோளை நழுவவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு ஒரு பழைய சேலையை நீளவாக்கில் மடித்து அம்மாவின் இடுப்பில் கட்டச் சொன்னார். என்னை எதிரே நிற்கவைத்து, என் முழங்கால்களுக்கு நடுவே அம்மாவின் தளர்ந்த முழங்காலை அணைத்துக்கொள்ளவும், என் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கவும், சேலைக் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று இரண்டு மூன்று எண்ணி எழவும் சொல்லிக்கொடுத்தார். அம்மா நின்றார். என் தோளுக்கு மேலாக, திறந்திருந்த வாசல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிடத்தை டிஸ்சார்ஜ் செய்த அன்றைக்கே யாராவது எனக்குக் கொடுத்திருந்தால் அம்மாவின் தோள் தப்பியிருக்கும்.

குழாயை எடுத்தபிறகு நீர்த்த கஞ்சியும் வெறும் தண்ணீரும் புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும், கெட்டியாகக் கொடுங்கள், தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள் என்று கற்றுக்கொடுத்தவரும் அவரே. இன்னொன்றையும் அவரிடம்தான் கற்றேன். அம்மாவுக்கு எஞ்சியிருந்த ஒரே சொல் ‘தண்ணி’. பசித்தாலும் தண்ணி, கால் மரத்தாலும் தண்ணி, என்னைக் கூப்பிடுவதும் தண்ணி. ஒருநாள் இரவு அம்மா திரும்பத் திரும்பத் தண்ணி என்று சொல்ல, நான் திரும்பத் திரும்பக் கரண்டியில் தண்ணீர் கொடுக்க, அவர் தட்டிவிட, நான் தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். போர்வையை விலக்கிப் பார்த்தால், வலது கால் கட்டில் சட்டத்துக்குள் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தது. பிசியோ அம்மா மறுமுறை வந்தபோது அவரிடம் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். “அவங்களுக்கு எல்லாம் புரியுது, சொல்லத்தான் வார்த்தை கிடைக்கலை. ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க, இடது கையால உங்க கையை அழுத்தச் சொல்லுங்க” என்றார். அதுவரை சொந்தக்காரர்கள் அம்மாவுக்கு அறிவு போய்விட்டது என்று அவர் முன்னாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

அவர் வருவது நோயாளிக்குக் கை கால் நீட்டி மடக்குவதற்காக மட்டும் என்று உங்கள் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம். உண்மையில், மாதத்தின் மற்ற இருபத்தெட்டு நாளும் சிகிச்சை செய்கிறவர்கள் வீட்டில் இருக்கும் நாங்கள்தான். எங்களுக்கு இருந்த ஒரே ஆசிரியர் அவர். மார்ச் மாதத்தில் அம்மா கைத்தடியோடு, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, பன்னிரண்டு அடி நடந்தார். இன்று வலது குதிகால் தரையில் பதியவில்லை; விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகி, நகம் வெட்டுவதற்கே அரை மணி நேரம் ஆகிறது. பழைய பயிற்சிகளை நான் விடாமல் செய்கிறேன். ஆனால் இறுகிய மூட்டை எவ்வளவு நீட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒருமுறை தெரியாமல் செய்து தோளைக் கெடுத்தவள் நான்.

எங்கள் ஊரிலேயே 43 வயது விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் விழுந்துவிட்டது; படகு கரை சேர ஏழு மணி நேரம் ஆனது. அவர் மனைவி கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே கணவரைப் படுக்கவைத்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் ரொட்டியும் வைத்து, வெளியிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார். ஒருநாள் அவர் பூட்டுவதைப் பார்த்தேன்: பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார், நாலு அடி நடந்து திரும்பி வந்து நான்காம் முறை இழுத்துப் பார்த்தார். அப்பாவுக்குப் பயிற்சி கொடுப்பவன் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன். பிசியோ அம்மா சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு பயிற்சியையும் அவன் ஒரு கோடு போட்ட நோட்டில் குச்சி மனிதர்களாக வரைந்து, பக்கத்தில் எத்தனை தடவை என்று எழுதி வைத்திருக்கிறான். அடுத்த வருகையில் புதிய பயிற்சி தருவதாக அவர் சொல்லியிருந்தாராம். தேதிக்கு இடம் விட்டுப் பையன் தலைப்பு எழுதிவைத்த பக்கம் மார்ச் மாதத்திலிருந்து வெறுமையாக இருக்கிறது.

‘செவ்வாய்க்கிழமை அழைத்து வாருங்கள்’ என்பது சொல்வதற்கு எளிது. எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு முந்நூறு மீட்டர் மணல், அதில் சக்கர நாற்காலி உருளாது. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இருவர் தூக்க வேண்டும். தூக்கக்கூடிய ஆண்கள் அந்த நேரத்தில் கடலில் இருப்பார்கள். பேருந்துப் படியில் அம்மாவால் ஏற முடியாது, ஆகவே ஆட்டோதான்: போய்வர, காத்திருப்புக் கூலியோடு 1,300 ரூபாய், மாதத்தில் நான்கு செவ்வாய்க்கு 5,200 ரூபாய். வேலையை விட்டுவிட்ட நான் வீட்டிலிருந்து டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பது அதைவிடக் குறைவு. டயப்பருக்கே மாதம் மூவாயிரம் ரூபாய் ஆகிறது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். வரிசையில் காத்திருந்து எங்கள் முறை வரும்போது நண்பகல். மறைவாக ஓர் இடமில்லாததால், நனைந்த துணியை மாற்ற ஆட்டோவின் இரு பக்கமும் சேலையைக் கட்டிக்கொண்டேன். பயிற்சி கிடைத்தது பதினைந்து நிமிடம். ஆட்டோவில் குலுங்கி வந்த களைப்பில் அம்மா அடுத்த இரண்டு நாளும் எழுந்து உட்காரவில்லை. மூன்றாவது செவ்வாய் நான் போகவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் இது ‘நோயாளி வரவில்லை’ என்று எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிவை வைத்து, இங்கே தேவை குறைந்துவிட்டது என்று தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்த வேலை எங்கள் உடம்பை என்ன செய்கிறது என்பதையும் ஒருமுறை கேளுங்கள். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடங்களை வைத்துத் தெருக்குழாயிலிருந்து கொண்டுவருகிறோம். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு மற்ற வீடுகளைப் போல இரண்டு பங்கு தண்ணீர் வேண்டும், ஆனால் அந்த வீட்டுப் பெண்ணால்தான் வெளியே போய்க் குழாயடியில் நிற்க முடியாது. கடந்த ஆண்டு, அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவந்த சுகாதாரத் தன்னார்வலர், கருவி கையில் இருந்ததால் எனக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். 168/102. எனக்கு வயது 36. பக்கவாதத்துக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று உயர் ரத்த அழுத்தம். கருவாடோ ஊறுகாயோ இல்லாமல் கஞ்சி இறங்காத ஊர் எங்களுடையது. அதோடு நான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கி ஆண்டுகள் ஆகின்றன. நான் விழுந்தால் என்னையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ள யாருமில்லை.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 24ஆம் பிரிவில், உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதை அரசு வகுக்க வேண்டிய திட்டங்களில் ஒன்றாகச் சொல்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு, எழுந்து நடக்க முடியாதவர் முகாமுக்கு நேரில் வர வேண்டும். அம்மாவை முதல்முறை தூக்கிக்கொண்டு போனபோது மதிப்பிட வேண்டிய மருத்துவர் வரவில்லை. இரண்டாம் முறை இணையம் வேலை செய்யவில்லை. மூன்றாம் முறை சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. உதவித்தொகைக்குக் கொடுத்த விண்ணப்பத்துக்கு, நிதி வந்ததும் வரிசைப்படி வரும் என்ற பதிலோடு இன்றும் காத்திருக்கிறோம். கடலுக்குப் போகும் வீடுகளில் பலருக்கு இப்படியொரு தொகை இருப்பதே தெரியாது.

ஐந்தாறு பேர் என்று சொன்னீர்கள். எங்கள் ஊரிலும் அடுத்துள்ள மூன்று ஊர்களிலும் வீடு வீடாகப் போய் என் தோழி ஒருத்தி கணக்கெடுத்தாள்: 23 வீடுகளில் பக்கவாதத்தால் படுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த 23 குடும்பங்களின் கையெழுத்தும் இந்த மடலோடு உங்களுக்கு வருகிறது. கையெழுத்திட்டவர்களில் இருவர் ஆண்கள். ஒருவர் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், இப்போது தம் மனைவிக்குத் தலை சீவிப் பின்னிவிடுகிறார். மற்ற எல்லாரும் மனைவிகள், மகள்கள், மருமகள்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. இயன்முறை மருத்துவரின் வீட்டு வருகையை, மாதம் இருமுறை என்ற பழைய கணக்கிலேயே உடனடியாகத் தொடங்க வேண்டும். அதை எழுத்தில் உத்தரவாகத் தர வேண்டும். ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்றால், எங்கள் வட்டாரத்தில் எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, எப்போது நிரப்பப்படும் என்பதையும் அதே கடிதத்தில் சொல்ல வேண்டும். ஒருவர் வாரம் ஒரு கிராமமாக வந்தாலும், அன்று அந்தக் கிராமத்துப் பராமரிப்பாளர்கள் அனைவரையும் ஒரே வீட்டில் கூட்டிக் கற்றுக்கொள்ள நாங்கள் தயாராக இருக்கிறோம்.

பக்கவாத நோயாளி எவரையும் மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன், அவரை வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குத் தூக்குவது, புரட்டுவது, ஊட்டுவது, குழாயைக் கையாள்வது ஆகியவற்றைச் செய்துகாட்டி, அவர் கையால் ஒருமுறை செய்யவைத்துப் பார்த்த பிறகே டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்திட வேண்டும். படங்களோடு தமிழில் ஒரு தாளும் தர வேண்டும். படம் வரைய ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பையனின் நோட்டைக் கடனாகத் தருகிறோம்.

படுக்கையில் இருப்பவர்களை மதிப்பிட மருத்துவக் குழு வீட்டுக்கு வர வேண்டும். உதவித்தொகைக்குக் காத்திருப்போரின் வரிசையையும், யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதையும் விண்ணப்பதாரர்கள் கேட்காமலே தெரிந்துகொள்ள வழி செய்ய வேண்டும். பராமரிப்பாளர் படிக்குத் தகுதியுள்ளவர்களைக் கடற்கரைக் கிராமங்களில் நீங்களே தேடிக் கண்டுபிடித்து விண்ணப்பம் வாங்க வேண்டும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது பார்த்துக்கொள்பவருக்கும் பார்க்கும்படி உத்தரவிட வேண்டும். மாதத்தில் இரண்டு நாள், நான்கு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் அருகில் இருக்க ஏற்பாடு வேண்டும். அந்த நேரத்தில்தான் எங்களில் பலர் எங்களுக்காக ஒரு மருத்துவரைப் பார்க்க முடியும்.

மீன் இறங்குதளங்களிலும் படகுகளுக்கு டோக்கன் கொடுக்கும் இடங்களிலும், வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்று அறிகுறிகளையும், நான்கரை மணி நேரக் கணக்கையும், 108 எண்ணையும், இரவும் பகலும் ஸ்கேன் எடுக்கக்கூடிய மிக அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பதில் எழுதும் முன் உங்களில் ஒருவர் எங்கள் வீடுகளுக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் கடைசிக் கோரிக்கை. வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. எந்த நாள், எந்த நேரம் வந்தாலும் நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
பக்கவாதத்தில் விழுந்த ஒரு தாயின் மகள்,
கையெழுத்திட்ட 23 குடும்பங்களின் சார்பாக